படிப்பதற்குள் தூக்கிய கை

ரொட்டிக்கடை அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் சொல்வார்கள். சொல்கிறவர்களும் அவளிடம்தான் பன் வாங்குவார்கள், அது வேறு விஷயம். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கென்று இருந்தது ஒரே தம்பி. தெருமுனைப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்கு அவன்தான் தலைவர் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் குழுவுக்கு ஒரு பழக்கம். பொதுமக்கள் வந்து கேட்கலாம் என்று கூட்டம் போடுவார்கள். அதற்கு முன்பே தலைமையாசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். பிறகு கூடத்துக்கு வந்து தம்பி தீர்மானத்தைப் படிப்பான், மற்றவர்கள் கை தூக்குவார்கள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

அன்றைக்கு என்ன அவசரமோ, தம்பி மூக்குக்கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே குழுவின் மற்ற நான்கு பேரும் கை தூக்கிவிட்டார்கள். என்ன தீர்மானம் என்று கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது!

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டாள்.

"இன்னும் படிக்கவே இல்ல, அதுக்குள்ள எதுக்குக் கை தூக்குறீங்க? உள்ள பேசினத எங்க முன்னாடி பேசினா என்ன? நாங்க கட்டுற வரியிலதானே பள்ளிக்கூடம் நடக்குது?"

தம்பியின் முகம் சுண்டிப்போயிற்று. "பெத்தவங்க கேட்டாலும் பரவாயில்ல. உனக்கென்ன பிள்ளையா குட்டியா? பேசாம உக்காருக்கா."

எங்கே அடித்தால் அவளுக்கு வலிக்கும் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் அவள் உட்காரவில்லை.

"வரி கட்டச் சொன்னப்ப, பிள்ளை இருக்கான்னு யாரும் கேக்கலடா."

பின்வரிசையில் ஒரு அம்மா "அதானே" என்றார். அப்புறம் இன்னொருவர். தலைமையாசிரியர் வேறு வழியில்லாமல் காகிதத்தை வாங்கிப் படித்தார். மாலையில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பள்ளி நூலகத்தை மூடப்போகிறார்களாம். கூரை ஒழுகுகிறது என்ற காரணம் அப்போதுதான் வெளியே வந்தது. பேசினார்கள், சத்தம் போட்டார்கள், மழைக்காலம் முடியும்வரை மூடலாம் என்று கடைசியில் எல்லோருமே ஒத்துக்கொண்டார்கள். அக்காவும்தான். இதைச் சொல்ல எதற்கய்யா கதவைச் சாத்த வேண்டும் என்பதுதான் அவளுக்குப் புரியவே இல்லை.

தம்பி அதன் பிறகு கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆளில்லாத ஒரு மத்தியானம், அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்கட்டுக்கு வந்து நின்றான்.

"அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. தப்புதான்."

"சொன்னது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் உள்ள வந்து கேக்குறியா?"

அவன் வந்த வழியே போய்விட்டான். பாழாய்ப்போன இந்த வாயால் இருந்த ஒரு உறவையும் தொலைத்துவிட்டோமே என்று அவள் ராத்திரி பகலாகத் தவித்தாள்.

அடுத்த கூட்டத்தில் தம்பி எழுந்தான். கையில் காகிதம் இல்லை.

"போன தடவை எங்கக்காவுக்குப் பிள்ளை இல்லன்னு இங்க நின்னுதான் சொன்னேன்." குரல் உடைந்தது. "எங்கம்மா போனப்புறம் எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தது இவதான். அப்ப நான் யாரு?"

"சரி சரி, தீர்மானத்தப் படி" என்று அக்கா அதட்டினாள். அத்தனை பேர் முன்னாலும் அழுதுகொண்டேதான் அதட்டினாள்.