ஜான்ஹவியின் புள்ளிகள்

ஜகந்நாதன் சாரை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வரும். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஆபீஸ் எங்களுடையது. கப்பல் எங்கே வருகிறது என்று பார்க்க வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் வேறொரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பறவை, மீன், பூச்சி என்று யார் எதைப் பார்த்தாலும் படமெடுத்துப் போடும் இணைய வரைபடம். பார்த்த இடத்தில் ஒரு புள்ளி விழும். தொட்டால் பார்த்தவர் பெயர் வரும்.

அவருக்குக் காக்கையை விட்டால் வேறு பறவை தெரியாது. அவர் தேடியது ஒரு பெயரை. ஜான்ஹவி, அவருடைய ஒரே மகள். விலங்கியல் படித்தவள், கடலோரப் புன்னைக்காயலில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஜாய்சனைக் கட்டிக்கொண்டாள். "இனி இந்த வாசல்ல கால வைக்காதே" என்று தென்திருப்பேரை வீட்டு வாசலில் நின்று சொன்னவர் இவர்தான். மனைவி அதற்கு முன்பே தவறிவிட்டார். நாலு வருஷமாக ஒற்றை ஆள்.

போன் பண்ண வேண்டியதுதானே? மாட்டார். "இன்னிக்கு ஆத்து முகத்துவாரத்துல நடந்திருக்கா, செல்வி. ஏழு மணிக்கே எழுந்துட்டா போலருக்கு" என்பார் என்னிடம். புள்ளி விழாத வாரம் அவருக்கு டீ இறங்காது.

போன பங்குனியில் ஒரு நாள் ஆபீசுக்கே வரவில்லை. மறுநாள் கண்ணெல்லாம் சிவந்து வந்தார்.

"அவ எங்க ஊர் குளத்துக்கு வந்திருக்கா செல்வி. புள்ளி அங்கதான் இருக்கு. அங்கேருந்து நம்மாத்து வாசலுக்கு நாலு நிமிஷ நடை. எட்டிப் பாக்கலியே! நேத்து பூரா கரையிலேயே நின்னேன், திரும்ப வருவாளோன்னு."

"என்னத்தப் பாத்தாளாம்?" என்றேன்.

"ஏதோ ஆமை."

படத்தைப் பெரிதாக்கினேன். துடுப்பு மாதிரி கால். "ஐயோ சார், இது பங்குனி ஆமை! கடல்ல கெடக்கது. உங்க குளத்துக்கு பஸ்ஸு பிடிச்சா வந்துச்சு?"

கீழே அவள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். ஜாய்சனின் வலையில் சிக்கியதாம். வலையை அறுத்துக் கடலில் விட்டுவிட்டார்களாம். அதற்கும் கீழே சின்ன எழுத்தில், அருகிவரும் உயிர் என்பதால் யாரும் தேடிப் போய்ப் பிடித்துவிடாமல் இடம் மறைக்கப்பட்டிருக்கிறது, புள்ளி பல கிலோமீட்டர் தள்ளி விழும் என்று இருந்தது. இத்தனை நாளும் புள்ளியைப் பார்த்தாரே தவிர இந்த மனுஷன் ஒன்றையும் வாசித்ததில்லை.

"வலைய அறுத்தானா?" என்றார். மறுபடி புள்ளியைப் பார்த்துவிட்டு, "அப்ப அவ வரவேயில்லியா?" என்றார். வந்தும் பார்க்காமல் போய்விட்டாள் என்று அழுதவருக்கு, வரவேயில்லை என்பது அதைவிடப் பெரிய அடி.

எனக்குப் பொறுக்கவில்லை. "எப்படி சார் வருவா? வராதேன்னு சொன்னது நீங்க. வான்னு சொல்லவேண்டியதும் நீங்கதான? புள்ளிய எண்ணிக்கிட்டு இருக்கிய!" மேனேஜர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

நாலு நாள் என் மேஜைப் பக்கமே வராமல் சுற்றிப் போனார். அப்புறம் ஒரு படத்தோடு போனை நீட்டினார். அவர் வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடி, அதில் தொங்கும் தேன்சிட்டுக் கூடு.

"இதை அதுல போடணும்மா."

போட்டேன். இடத்தை மறைக்கவா, காட்டவா என்று கேட்டது. "காட்டு. நன்னா தெரியட்டும்" என்றார். குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அரை மணி நேரம் யோசித்து ஒற்றை விரலால் தட்டினார்: "நம்ம வாசல்ல. நீ வந்து பாக்கணும். அப்பா."

மூன்றாம் நாள் அதன் கீழே ஜான்ஹவியின் பதில் வந்தது. "ஊதாத் தேன்சிட்டு. குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு வாரமாவது ஆகும். கலைச்சிடாதீங்கோ."

வருகிறேன் என்று இல்லை. வரமாட்டேன் என்றும் இல்லை. சார் அன்றைக்கே ரெண்டு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். துணியை எங்கே காயப்போடுகிறாரோ, பாவம்.

அந்த வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது. தினமும் காலையில் வந்ததும் வரைபடத்தைத் திறப்பேன். பத்து நாள் ஒன்றுமில்லை. புன்னைக்காயலில்கூட ஒரு புள்ளி இல்லை. இந்தப் பெண்ணுக்கும் அப்பனுடைய பிடிவாதம்தான் என்று திட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் தென்திருப்பேரையில், அதே வாசலில், இன்னொரு புள்ளி விழுந்திருந்தது. என்ன பறவை, என்ன பூச்சி என்று நான் பார்க்கவில்லை. பெயரை மட்டும்தான் பார்த்தேன். ஜான்ஹவி.