மூன்றடி டேங்கில் ஒன்பது மீன்

நோயாளியான ஒரு பெண்மணியிடம் நான் பொய் சொன்னேன். அவர் வீட்டு டேங்கில் மீன்கள் செத்ததற்குக் காரணம் நான். அவருக்கு வரவிருந்த கண்டத்தை அந்த மீன்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டன என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை சொன்னேன். அவர் அதை நம்பினார். கலர் மீன் கடை வைத்திருப்பவர்களும் இனி வைக்கப்போகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையும் கணக்கும்

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கல்லூரி வேலை அமையாமல், 1989-ல் திருவண்ணாமலையில் ஒரு சின்ன மீன் கடை போட்டேன். பதினைந்து வருஷம் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல் என்று நல்ல தண்ணீர் மீன்கள்தான். அதற்குப் பிறகு கடல் மீனில் இறங்கினேன். மரக்காணத்திலிருந்து கேன்களில் கடல் தண்ணீர் வரும், சென்னை கொளத்தூர் சந்தையிலிருந்து மீன் வரும். பவளம் எடுப்பதும் விற்பதும் குற்றம். அதனால் நாங்கள் ரீஃப் டேங்க், அதாவது பவளப்பாறைத் தொட்டி என்று சொன்னது, பாறைத் துண்டுகள், கடல் மணல், பூப்போல விரிந்து ஆடும் அனிமோன் ஒன்று, அதற்குள் புகுந்து புறப்படும் ஆரஞ்சு நிற க்ளவுன் மீன்கள், இவ்வளவுதான்.

மூன்றடி டேங்கில் கல்லும் மணலும் போக எண்பது லிட்டர் தண்ணீர்கூட நிற்காது. மீன் போடும் கழிவு அம்மோனியாவாக மாறும். பாறையில் வளரும் பாக்டீரியாதான் அந்த விஷத்தை முறிக்க வேண்டும். அது வளர ஐந்தாறு வாரம் ஆகும். வளர்ந்த பிறகும் அதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்கு மேல் மீன் விட்டால் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், உள்ளே விஷம் ஏறிக்கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்குப் பாடமாகவே தெரியும்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். வாஸ்துவுக்கு மீன் வாங்குகிறவர்கள் ஒன்பதுதான் கேட்பார்கள். எட்டு சிவப்பு, ஒன்று கறுப்பு. அதில் ஒன்று செத்தால், வீட்டுக்கு வந்த கெடுதலை அது எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே வேறொன்று வாங்கி எண்ணிக்கையைச் சரிசெய்ய வேண்டும். எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு இது பெரிய வசதி. செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கூட, இந்த ஒரு சொல்லைக் கேட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு புது மீன் வாங்கிப் போவார்.

டீச்சர்

குணசேகரன் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்தார். வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில். அவர் மனைவி கலைச்செல்வி அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகன் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, 2007-ல் நீண்ட விடுப்பில் இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் காரில் வேலூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்வார். மற்ற நாட்களில் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார்.

ஒருநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். டீச்சர் என் ஷோ டேங்கின் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதில் இரண்டே க்ளவுன் மீன்கள். கால்மணி நேரம் அவர் அங்கிருந்து நகரவில்லை. இதே மாதிரி ஒன்றை ஹாலில் வைக்க வேண்டும் என்றார் குணசேகரன். பிறகு என்னைத் தனியே அழைத்து, வாஸ்துக்காரர் ஒன்பது சொல்லியிருக்கிறார் என்றார்.

"கடல் மீனுக்கு அது ஒத்து வராதுங்க சார். மூணடிக்கு மூணு மீனே ஜாஸ்தி" என்றேன்.

"அப்போ மெட்ராஸ்ல கேட்டுக்கறேன், உடுங்க."

நான் யோசிக்கவே இல்லை. செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். சிவப்புக்கு எட்டு க்ளவுன், கறுப்புக்கு டாமினோ என்ற மீன் ஒன்று. க்ளவுன் மீன் ஜோடியாக வாழக்கூடியது. எட்டை ஒன்றாக அடைத்தால் பெரியது மற்றவற்றைக் கடித்து மூலைக்கு விரட்டும். டாமினோ அதைவிடப் பொல்லாதது. பாறை ஊற ஐந்தாறு வாரம் வேண்டிய இடத்தில், பத்து நாளில் ஒன்பதையும் கொண்டுபோய் விட்டேன்.

நான்கு தடவை

இரண்டாம் வாரமே ஒரு க்ளவுன் செத்தது. டெஸ்ட் கிட்டை எடுத்துக்கொண்டு போனேன். மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா. டீச்சர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சார் செத்துச்சு?"

சோதனைக் குழாயைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன். "உங்களுக்கு வர வேண்டியத அது எடுத்துக்கிச்சுங்க டீச்சர்."

குணசேகரனின் முகம் தெளிந்தது. டீச்சர் சிரித்தார். "கணக்கு டீச்சர்கிட்ட சொல்ற கதையா சார் இது?" என்றார்.

அன்றைக்கு அவர் நம்பவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஆறு மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருக்கலாம். புது மீன் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவதும் மூன்றாவதும் செத்தபோதும் அதையே சொன்னேன். இரண்டாவது செத்த வாரம், வேலூரில் எடுத்த ரத்தப் பரிசோதனை முன்பைவிடக் கொஞ்சம் நன்றாக வந்தது. அது தற்செயல். மூன்றாவது செத்த வாரம் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்ததாம். அதுவும் தற்செயல்தான். உடம்பு படுத்துகிற பாட்டில் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடிய மனம் இதைப் பிடித்துக்கொண்டது. நான்காவது மீனை நான் வலையில் எடுத்தபோது டீச்சர் கட்டிலை விட்டு எழுந்து நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகவே அதே வாக்கியத்தைச் சொன்னேன். வேலூர் கிளம்பும் ஒவ்வொரு நாளும் டேங்க் முன்னால் நின்று ஒன்பதையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டி ஏறுகிறார் என்று குணசேகரன் பெருமையாகச் சொன்னார்.

ஒன்பதும்

ஒரு திங்கட்கிழமை அவர்கள் வேலூர் போயிருந்த நேரத்தில் தெரு ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றுவிட்டது. இரண்டு மீன் இருந்திருந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகலை ஓட்டியிருக்கும். ஒன்பதுக்குக் காற்றுப் போதவில்லை. அவர்கள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது ஒன்பதும் மிதந்தன.

மறுநாள் போனேன். அனிமோன் கரைந்து, ஹால் முழுக்க நாற்றம். டீச்சர் உள்ளறைக்கு மாறியிருந்தார். நான் வாளியோடு அந்தப் பக்கம் கடந்தபோது கூப்பிட்டார். குரலில் அழுகை இல்லை.

"ஒம்போதும் போயிடுச்சு சார். இனிமே எடுத்துக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவ்ளோதான்."

கரண்ட் போனதால்தான் டீச்சர் என்று முனகினேன். அது முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவர் வேலூர் போக மறுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை குணசேகரன் போன் செய்தார். கால் வீங்கிவிட்டது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, டாக்டர் உடனே வரச் சொல்கிறார், இவள் அசைய மாட்டேன் என்கிறாள் என்றார்.

"சார், ஒம்போது மீன் கொண்டாந்து போட்டுடுங்க. கண்ணால பாத்தான்னா கெளம்பிடுவா."

கடையில் அப்போது பன்னிரண்டு க்ளவுன் இருந்தன. பாலிதீன் பையை எடுத்துத் தண்ணீர்கூட நிரப்பிவிட்டேன். அதைக் கொண்டுபோனால் அவர் கிளம்புவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அழுகிய டேங்கில் அவை இரண்டு நாள் தாங்காது என்பதிலும் சந்தேகம் இல்லை. அப்போது என்ன சொல்வது? பையைக் கவிழ்த்துவிட்டு, டெஸ்ட் கிட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வெறுங்கையோடு

வாசலிலேயே குணசேகரன் என் கையைப் பார்த்தார். நான் நேராக உள்ளே போனேன். டீச்சர் மூன்று தலையணை அடுக்கி உட்கார்ந்த வாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முதல் மீன் செத்த அன்றே குழாயில் பச்சையாகத் தெரிந்ததைச் சொன்னேன். மீன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, நான் அடைத்த கூட்டத்தில் தண்ணீர் விஷமாகியும் மூச்சுத் திணறியும் செத்தது என்று சொன்னேன்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எத்தன லிட்டர் தண்ணி?"

"எம்பதுங்க."

"அதுக்கு எத்தன மீனு?"

"ரெண்டு. மிஞ்சிப் போனா மூணு."

"நீங்க ஒம்போது உட்டீங்க. தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதாங்க டீச்சர்."

"அப்போ அதுங்க சாவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

"இல்லீங்க."

குணசேகரன் என் சட்டையைப் பிடித்தார். அதுவரை என்னை சார் என்றே அழைத்த மனிதர், "நீயெல்லாம் படிச்சவனாடா?" என்றார். டீச்சர்தான் அவரைத் தடுத்தார்.

"வண்டிய எடுங்க. இவரயும் ஏத்திக்குங்க, வழியில இன்னும் கேக்கணும்."

வேலூர் போகும் வரை கேட்டார். பேச முடியாமல் நிறுத்துவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்பார். பாறை எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்று நான் விளக்கியபோது, "அப்போ என் கேஸுதான். உள்ள போறது ஜாஸ்தி, வெளிய போறது கம்மி" என்றார். அவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. தாகத்தில் ஒரு டம்ளர் கூடுதலாகக் குடித்தாலும் மறுநாள் கால் வீங்கும். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை அந்த வண்டியில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

பிறகு

டேங்கைக் கழுவி, புதுப் பாறையும் புதுத் தண்ணீரும் போட்டேன். ஆறு வாரம் மீன் விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக் கேலி செய்தார்கள். டீச்சர் டெஸ்ட் கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு தினமும் அம்மோனியாவும், அது முறியும்போது வரும் நைட்ரைட்டும் பார்த்து ஒரு நோட்டில் குறித்தார். இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வந்து ஒரு வாரம் கழித்து, "இப்போ உடுங்க" என்றார். இரண்டு க்ளவுன் விட்டேன். அனிமோன் மாதக்கணக்கில் கழித்துத்தான். மூன்றாவது மீன் வேண்டும் என்று குணசேகரன் கேட்டபோதெல்லாம் டீச்சர் நோட்டை நீட்டுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே போய்ப் பத்து லிட்டர் தண்ணீர் மாற்றினேன். குணசேகரன் கதவைத் திறந்துவிடுவார், பேச மாட்டார்.

கடையில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். எந்த அளவு டேங்குக்கு எத்தனை மீன் என்று அதில் இருந்தது. ஒன்பது கேட்டு வந்தவர்களுக்குப் பெரிய டேங்க் இல்லையென்றால் மீன் தரவில்லை. பலர் வேறு கடைக்குப் போனார்கள். போகத்தான் செய்வார்கள். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே இதற்குத் தயாராக இருக்க வேண்டும். மீன் செத்தால் ஏன் செத்தது என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் வீட்டில் என்ன நடக்கிறது, யார் எதை நம்பிக்கொண்டு படுத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது.

டீச்சர் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். ஒரு டயாலிசிஸையும் தவறவிடவில்லை. கடைசியில் வேலூரில் இருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. மீன்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு தண்ணீர் மாற்றப் போனேன். குணசேகரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நாள் கழித்துப் பேசினார்.

"ஒம்போது இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாளா சார்?"

"இல்லீங்க. மீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

"எடுத்துக்கிச்சுனு சொன்னதும் நீங்கதான். சம்பந்தம் இல்லனு சொல்றதும் நீங்கதான். நான் எத நம்பறது?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மறுபடியும் விளக்கினேன், டீச்சரின் நோட்டை எடுத்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். நான் என்ன சொன்னாலும் அது பொய் சொன்ன அதே வாயிலிருந்துதானே வர வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது டேங்கில் ஒன்பது மீன் இருந்தன. சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார். எடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும் சார், பையன் இருக்கான் இல்ல" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. அந்த வாரத்திலிருந்து ஞாயிறு, புதன் இரண்டு நாளும் போய்த் தண்ணீர் மாற்றத் தொடங்கினேன்.