புகையில்லாத நெருப்பு

நான் பிறந்தது பழுப்பு நிலக்கரி வெட்டும் ஊரில். அங்கே காயப்போட்ட துணியைக் கரித்தூளை உதறித்தான் மடிப்போம். கொல்லிமலைக்கு நர்சாக மாற்றல் வந்தபோது, விட்டது சனியன் என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கரி லாரி ஏறி என் பின்னாலேயே வரும் என்று யார் கண்டது?

ஒரு மழை நாளில், ஆலத்தூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் பிரசவமாகியிருந்த ஒரு பெண்ணையும் குழந்தையையும் பார்க்கக் கிளம்பினேன். வழியில் சோளக்காடு சந்தையில் பூண்டு வாங்கிக்கொண்டு அவள் கணவரும் அதே பஸ்ஸில் ஏறினார். இறங்கி நடக்கும்போது பெருமையாகச் சொன்னார். மலைக்குக் கீழே ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போனவர், பாய்லருக்கு வைத்திருந்த பழுப்பு நிலக்கரியில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்தாராம். பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கடியில் குளிருக்கு நெருப்புச்சட்டி வைப்பது அவர்கள் வழக்கம்.

"வெறகெல்லாம் ஈரமுங்க. இந்தக் கரி நல்லா நின்னு கனியுதுங்க. வாசல்லயே பொகையெல்லாம் போக்கிட்டுத்தான் உள்ள வெச்சேன். இப்பப் பொகையே இல்லீங்க. சன்னலக்கூடச் சாக்கு வெச்சு அடைச்சுட்டேன்."

புகை போனாலும் அந்தக் கரியின் நஞ்சு போகாது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அடைத்த அறையில் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். எங்கள் ஊரில் எவ்வளவு மழை பெய்தாலும் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டோம். பச்சைக் குழந்தைக்குப் புகை ஆகாது என்று போன வாரம் அவரிடம் கத்தியவள் நான். மனிதர் அதை அட்சரம் பிசகாமல் கேட்டிருக்கிறார்!

ஓடினேன். சேற்றில் மாட்டிய செருப்பை அங்கேயே விட்டேன். "என்னாச்சுங்க?" என்று அவர் பின்னால் ஓடி வந்தார்.

கதவைத் தள்ளினேன். அவள் வாந்தியெடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"தலை கனக்குதுங்க. தூக்கமாவே வருது."

குழந்தை அசையவில்லை. கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

"பாத்தீங்களா, சூடு ஏறுனதும் எப்படிச் செவந்துட்டான்!" என்றார் அவர்.

அந்த நஞ்சு ரத்தத்தில் ஏறினாலும் உடம்பு அப்படித்தான் சிவக்கும்; அதைப் பார்த்துத்தான் எனக்கு உயிரே போனது. "சட்டியில விஷம் இருக்கு! அவங்களை வெளியே கூட்டிட்டு வாங்க!" என்று கத்திக்கொண்டே குழந்தையோடு வாசலுக்குப் பாய்ந்தேன். ஈரக்காற்று அடித்தது. பாதத்தைச் சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடியும் சுண்டினேன். சாமி, அழுடா, அழுடா என்று கெஞ்சினேன்.

மெலிதாக ஒரு முனகல் வந்தது. பிறகு வீறிட்டான்.

போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். மனைவியை வாசலில் உட்காரவைத்த அவர், மழையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"குளுருல அழுவுறானுங்க. குடுங்க, உள்ள கொண்டு போறேன்" என்று கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை.