துண்டு விரித்துப் படுத்தவர்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் பந்தய ஜீப்பை உயர்த்திக் கட்ட போளூரில் என் பட்டறையைத்தான் தேடி வருவார்கள். ஜவ்வாது மலையிலிருந்து வந்த அந்த ஒல்லி ஜீப்காரர், வேலை முடிந்ததும் துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

“இன்னாங்க, என் வேலை மேல நம்பிக்கை இல்லையா?”

“இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம பந்தயம். திங்கக்கெழம இதே வண்டிலதான் மலையிலருந்து புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்கி எறக்கணும்.”

என் கையை இழுத்து, சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் மேல் வைத்தார். வண்டியை உயர்த்திய நான், நீளமான ஹோஸ் மாற்றாமல் பழையதையே விட்டிருந்தேன். அது விறைத்து நின்றது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அறுந்து பிரேக் போய்விடும். நீளமான ஹோஸ் வர ஒரு வாரம் ஆகும்.

“வண்டி ஒசரத்த பழையபடி எறக்கிடுங்க” என்றார்.

பந்தயத்துக்கு அவர் போகவில்லை. என் தவறை யாரிடமும் சொல்லவுமில்லை. ஏனென்று இன்றும் தெரியவில்லை. வண்டிக்கு அடியில் அவர் அதைக் காட்டியபோது எனக்கு வெட்கம்கூட வரவில்லை. கை மட்டும் ஹோஸ் மேலேயே இருந்தது.