கேமராவுக்கும் இரண்டு கை வேண்டும்

இன்று விடியற்காலை, சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தன் சினிமா கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அக்காவால் வர முடியவில்லை; அவள் நம் ஊர் கருட சேவையைப் பார்த்து எட்டு வருஷமாகிறது. அவளுக்காகத்தான் இந்தப் படம்.

நேற்று முழுக்க மாமா பழக்கியிருந்தார். "முதல்ல சாவி குடு. அப்புறம் தூரத்துக்கு ஏத்தாப்புல லென்ஸைத் திருப்பி வெச்சுக்கோ. பட்டனை அமுக்கிக்கினே இருக்கணும்பா, விட்டா நின்னுடும்."

கூட்டத்தில் நின்று கேமராவின் துளையில் கண்ணை வைத்தேன். மேளச் சத்தம்கூட எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் வெள்ளைக் குடைகள் மிதந்து வந்தன. கற்பூரப் புகை மெல்ல விலகியது. கருடன் மேல் பெருமாள், நேராக என்னையே பார்த்துக்கொண்டு.

நினைவு வந்தபோது கேமரா என் வயிற்றருகே ஆடிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குவிந்திருந்தன. பெருமாள் தெருமுனை திரும்பிவிட்டார்.

"மாமா, பட்டனை வுட்டுட்டேன்" என்றேன், அழாக்குறையாக.

அவர் திட்டவில்லை. எப்படித் திட்டுவார்? கூப்பிய அவர் கை இன்னும் இறங்கவே இல்லை.

அக்கா பார்க்கப்போவது வெறும் குடைகளைத்தான். உங்களில் யாராவது ஒற்றைக் கையால் கும்பிடுகிறவர் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வருஷம் கேமரா அவரிடம்தான்.