தொட்டில் ஆட்டும் உத்தியோகம்

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவதற்கு ஒரு கம்பெனி தனியாக ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்குமா? கொடுக்கும். சீருடையும் கொடுக்கும். அந்தச் சீருடைக்குள் இருப்பவரை, உடன் வேலை செய்கிறவர்கள் 'சுளுக்கு' என்று கூப்பிடுவார்கள். கழுத்திலோ இடுப்பிலோ அல்ல, அவருக்குச் சுளுக்கு முகத்தில். எதைப் பார்த்தாலும் மூக்கின் ஒரு பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அது இறங்குவதற்குள் பார்க்கச் சகிக்காத அடுத்த சங்கதி வந்துவிடும்.

கம்பெனி விற்பது கம்பியில்லா இணையம். கட்டடம் பார்த்து, மொட்டைமாடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை நடுவார்கள். பெட்டி அலையை வீச ஆரம்பித்ததும், அக்கம்பக்கத்தில் ஆன்டெனா வைத்து டிவி பார்க்கிறவர்கள் வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடையும். செய்தி வாசிப்பவரின் நெற்றி ஓரிடத்திலும் தாடை வேறிடத்திலும் நிற்கும். டிவி அலையும் இணைய அலையும் ஒட்டுக்குடித்தனம். நடுவில் மெல்லிய சுவர். பக்கத்து வீட்டுக்காரன் தொண்டை கிழியக் கத்தினால் நம் வீட்டுப் பேச்சு எப்படிக் கேட்கும்? புகார் வந்தால் சுளுக்கு போவார். விரல் நீளத்தில் ஃபில்டர் என்று ஓர் உலோகத் துண்டு. அந்தக் கத்தலை மட்டும் தடுக்கும். அதை ஆன்டெனா ஒயரில் முடுக்கிவிட்டு, "இது எங்க கம்பெனியோட அன்பளிப்பு" என்று சொல்ல வேண்டும். அப்படியே சொல்லச் சொல்லி உத்தரவு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவருக்குக் குமட்டும்.

குமட்டலுக்கு வேறு காரணங்களும் உண்டு. டிவியின் முன்பக்கம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். துடைத்து, மினுக்கி வைத்திருப்பார்கள். பின்பக்கம் போனால்தான் குடும்பம் தெரியும். சிக்கிச் சுருண்ட தலைமுடி, கரப்பான் முட்டை, வாலில்லாமல் காய்ந்துபோன பல்லி, சப்பிப் போட்ட மிட்டாய்க் குச்சி. ஒயர் நிற்காத ஓட்டையில் தீக்குச்சியைச் செருகி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் புண்ணுக்கு ஒட்டிய பிளாஸ்திரியை உரித்து ஒயருக்கு ஒட்டியிருந்தார்கள். "பழசு இல்லீங்க, ஒரு நாள்தான் ஒட்டினது" என்று விளக்கமும் சொன்னார்கள். அன்று சுளுக்கு மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுபோனார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஏண்டா, ஊருக்கெல்லாம் படம் தெரிய வெக்கிற. என் வீட்டுல மட்டும் ஆளு கண்டதுண்டமா தெரியுறான். நான் என்ன உனக்கு மாத்தாந்தாய் பொண்ணா?"

"புகார் எண்ணுக்குப் போன் பண்ணுக்கா."

"பண்ணேன். ஒன்ன அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்றா. அவ கழுத்தத்தான் அமுக்கணும். நீ வா."

அக்கா சும்மா கூப்பிடுகிறவள் இல்லை. அவள் கணவருக்கு, அதாவது சுளுக்கின் மாமாவுக்கு, பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. ஒருகாலத்தில் பஸ் நிலையத்தில் மைக் பிடித்தவர். எந்தப் பஸ் எங்கே நிற்கும் என்று அவர் சொன்னால் தெருக்கோடி வரை கேட்கும். அந்த மனிதர் மாதக்கணக்கில் வாயே திறக்காமல் கிடந்தார். ஒரு சாயங்காலம் டிவியில் செய்தி ஓடும்போது, வாசிக்கிற பெண்ணோடு சேர்ந்து ஒரு வார்த்தையை முணுமுணுத்தார். மறுநாள் மூன்று வார்த்தை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அதைக் கேட்டுவிட்டு, "விடாதீங்க, தினமும் கூடவே சொல்ல வையுங்க. இப்ப விட்டா மறுபடி பூட்டிக்கும்" என்றாள். செல்போனில் செய்தியைப் போட்டுக் காட்டினால் தட்டிவிடுவார். போனுக்குள் இருப்பவர்களை அவர் மனிதர்களாகவே மதிப்பதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மொட்டைமாடியில் வெள்ளைப் பெட்டி வந்தது.

சுளுக்கு போய் உட்கார்ந்ததும் அக்கா டிவியைப் போட்டாள். "தலை... தலை... கர்ர்ர்" என்றது டிவி. மாமா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"பாத்தியா? முதல்ல கூடவே சொன்னாரு. அது எங்க நிறுத்துதோ அங்கேயே இவரும் வாயத் திறந்தபடி நிறுத்துவாரு. அப்புறம் தண்ணி கேக்கும்போதும் 'தண்... தண்...'னு நிக்க ஆரம்பிச்சாரு. இப்ப அதுவும் இல்ல. டிவி போட்டாலே சுவத்தப் பாக்குறாரு. இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா மனுஷன் கதவச் சாத்திக்குவாருடா."

கிள்ளிய கம்பெனியின் சீருடை சுளுக்கின் உடம்பில் அரித்தது.

மாடிக்குப் போனார். கீழே அக்கா வீடு, மேலே மூன்று வீடு, நாலுக்கும் சேர்த்து ஒரே ஆன்டெனா. அதிலிருந்து நாலு ஒயர் கீழே இறங்கின. ஆன்டெனா நிறையப் புறா எச்சம். வெள்ளைப் பெட்டி மட்டும் பளபளவென்று இருந்தது. புறாவுக்குக்கூட அதைத் தொட மனம் வரவில்லை போலும். ஃபில்டரை முடுக்கிவிட்டு அலை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலிருந்து கீழே போக வேண்டிய அலை சுத்தமாக இருந்தது. ஆனால் கீழேயிருந்து மேலே ஊளைச் சத்தம் ஏறி வந்தது.

விஷயம் புரிந்தது. யாரோ வீட்டில் பூஸ்டர் வைத்திருக்கிறார்கள். பூஸ்டர் என்பது செவிட்டுக் காதுக்கு மாட்டும் மெஷின் மாதிரி. நம் பேச்சையும் பெரிதாக்கும், பக்கத்து வீட்டுக் கத்தலையும் பெரிதாக்கும். அதிலும் மலிவான பூஸ்டருக்கு உறை சரியிருக்காது. காற்றில் போகிற இணைய அலையை நேராக உறிஞ்சிக்கொண்டு, தானும் ஊளையிட்டு, அந்த ஊளையை ஒயர் வழியாக அடுத்த வீட்டுக்கும் அனுப்பும்.

முதல் மாடியில் மருந்துக்கடைக்காரர்.

"பூஸ்டரா? சேச்சே. நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கெடையாதுங்க."

அவர் அப்பாவின் போட்டோவுக்குப் பின்னாலிருந்து சிவப்பு விளக்கு எட்டிப்பார்த்தது. செத்தவர் கண் சிமிட்டுவது போல இருந்தது.

இரண்டாம் மாடியில் தையல் டீச்சர். பூஸ்டருக்குப் பூப்போட்ட குல்லாய் தைத்துப் போட்டிருந்தாள்.

"அது கொசு வெரட்டுறதுங்க."

"கொசு வெரட்டுறதுக்கு ஆன்டெனா ஒயர் எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக் கொசு கொஞ்சம் படிச்ச கொசுங்க."

மேல்மாடியில் கட்டடச் சங்கத் தலைவர். வெள்ளைப் பெட்டியை மாடியில் வைக்கக் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். அதற்குப் பதிலாகத் தன் வீட்டுக்கு மட்டும் இலவச இணையம் வாங்கிக்கொண்டார். அதையும் வாங்கிக்கொண்டு, செய்திக்கும் சீரியலுக்கும் ஆன்டெனாவும் வேண்டும் என்கிற ஆசை.

"ஆமா, வெச்சிருக்கேன். ஒளிக்கிற ஆளு நான் இல்ல. ஆனா நான் ஏன் முதல்ல எடுக்கணும்? மருந்துக்கடைக்காரன எடுக்கச் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரரிடம் போனால், "டீச்சர் கழட்டட்டும், அடுத்த நிமிஷம் நானும் கழட்டிடுறேன்" என்றார். டீச்சரிடம் போனால், "தலைவரு வெச்சிருக்கும்போது நான் எடுத்தா மரியாதையா இருக்குமா?" என்றாள். ஒருவர் படத்தை இன்னொருவர் கெடுத்து, நாலு வீட்டிலும் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதில் ஒருவருக்கும் வருத்தமில்லை. அடுத்தவனுக்கும் தெரியவில்லையே என்கிற நிம்மதியில் கட்டம் கட்டமாகச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுளுக்குக்கு மூக்கு புருவம் வரை ஏறிவிட்டது. விறுவிறுவென்று மாடிக்குப் போனார். மேல்வீடு மூன்றின் ஒயர்களையும் பிடுங்கிப் போட்டார். அக்கா வீட்டு ஒயரை மட்டும் விட்டுவிட்டு, கையை மூன்று தரம் கழுவிக்கொண்டு இறங்கினார்.

"போடுக்கா இப்ப."

"தலை... கர்ர்ர்" என்றது டிவி.

அக்கா தம்பி முகத்தைப் பார்க்கவில்லை. சுளுக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஒயர் டிவிக்குப் பின்னால் போகாமல், மாமாவின் மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் நுழைந்தது. அங்கே ஒரு பூஸ்டர். மிச்ச மூன்று வீட்டில் இருந்ததைவிடப் பெரிசு.

"அக்கா!"

"கத்தாதடா. அவங்க மூணு பேரும் வெச்சிருக்காங்க. நான் மட்டும் இளிச்சவாச்சியா?"

"தம்பிகிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா மூஞ்சிய இப்படி வெச்சுக்குவ. இப்ப வெச்சிருக்கியே, அப்படி."

ஊரில் இருக்கிற அத்தனை டிவியின் பின்பக்கத்தையும் பார்த்தபோது வராத அருவருப்பு அப்போது வந்தது. கோபம்கூட இல்லை. வாய்க்குள் பல்லி விழுந்த மாதிரி இருந்தது. பூஸ்டரைப் பிடுங்கி அக்காவின் கையில் கொடுத்தார். ஒயரை நேராக டிவியில் முடுக்கினார்.

படம் உடையாமல் நின்றது. நெற்றிக்குக் கீழே கண், கண்ணுக்குக் கீழே மூக்கு. எல்லாம் அதனதன் இடத்தில்.

அதற்குள் வாசலில் கூட்டம். மேலே மூன்று வீட்டிலும் டிவி சுத்தமாக இருண்டுவிட்டது.

"என்னய்யா, எங்க வீட்டுல கட்டம்கூடத் தெரியலையே!" என்றார் தலைவர்.

"பூஸ்டரக் கையில எடுத்துட்டு வர்றவங்களுக்கு லைன் குடுக்கிறேன். வராதவங்க சுவத்தப் பாத்துக்கிட்டு இருங்க."

"இது அராஜகம்."

"ஆமாங்க, அராஜகம்தான்."

முனகிக்கொண்டே போனார்கள். திரும்பி வந்தபோது மூன்று பேர் கையிலும் பூஸ்டர். டீச்சருடையது குல்லாயோடு வந்தது. அக்கா கையிலும் ஒன்று இருப்பதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர், "ஓ, உங்க அக்காகிட்டயும் உண்டா?" என்று பரம திருப்தியோடு கேட்டார். அவருக்குப் படம் தெரியப்போவதைவிட அதில்தான் சந்தோஷம்.

டிவியில் செய்திக்கு முன்னால் விளம்பரம் வந்தது. சுளுக்கின் கம்பெனி விளம்பரமேதான். ஒரு பெண் மொட்டைமாடியில் கையை விரித்துச் சுற்றிக்கொண்டே, "கம்பியில்லா இணையம், கவலையில்லா இதயம்" என்றாள். ஒரு புறாவைக் காணோம், எச்சத்தையும் காணோம். விளம்பரக்காரர்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதாதே, மறுபடி சொன்னாள்.

மாமா சுவரிலிருந்து திரும்பினார்.

மூன்றாம் முறை அவள் சொன்னபோது அவர் உதடும் கூடவே அசைந்தது. அவள் நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை. எழுத்தெழுத்தாக, மாடிப்படி ஏறுகிறவர் போல, ஆனால் எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தார்.

"கம்பி... யில்லா இணையம். கவலை... யில்லா இதயம்."

அக்கா பூஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பெட்டிய மாடில வெக்கச் சொன்னதே நான்தானே" என்றார்.

எத்தனையோ மாதம் கழித்து மாமா வாயிலிருந்து முழுசாக வந்த முதல் வாக்கியம் அது. இதைவிடக் கேவலமான ஒரு வாக்கியத்தைச் சுளுக்கு தன் வாழ்நாளில் கேட்டதில்லை. மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், சரியாகச் சொன்னேனா என்பது போல.

சுளுக்கு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப சரியா சொன்னீங்க மாமா. இன்னொரு தடவ சொல்லுங்க."

மாமா சொன்னார்.

"இன்னொரு தடவ."