நாலு தசம் இரண்டு

திருகோணமலைக்கு விடுமுறையில் வந்தால், நம்முடைய இரத்தம் நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு முதலில் பழக வேண்டும். நான் வாழும் நோர்வேயில் பரிசோதனை முடிவு ஓசையில்லாமல் கைபேசிக்கு வந்துவிடும். ஓர்ஸ் ஹில்லில் உள்ள இந்த ஆய்வுகூடத்திலோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "பீரியட் வந்து எத்தினையாவது நாள்?" என்று கதிரைகளில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழக் கேட்கிறார்கள். நான் வாயைத் திறக்குமுன், "இண்டைக்கு மூண்டு" என்று அம்மா பதில் சொல்லிவிட்டார்.

போன வருடமும் இதே கதிரையில்தான் இருந்தேன். கல்யாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. கருமுட்டைகளின் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். என்ற ஹோர்மோன் பூச்சியம் தசம் ஏழு என்று வந்தது. அம்மா கடலோரக் கோயிலில் தொட்டில் கட்டுவதாக நேர்த்தி வைத்தார், வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்தார், முருங்கையிலைத் தூளும் எள்ளுருண்டையும் பொதி பொதியாக அனுப்பினார். நானும் மறுபேச்சில்லாமல் விழுங்கினேன். இந்த வசந்தத்தில் பேர்கன் நகரத்து மருத்துவமனையில் மறுபடி இரத்தம் எடுத்தார்கள். நாலு தசம் இரண்டு!

தாதி தொலைபேசியில் அழைத்து, "குறைவாக இருக்கிறது, சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்" என்றார். "எங்கள் நாட்டில் எடுத்தபோது ஒன்றுகூட இல்லை, இப்போது எவ்வளவு ஏறியிருக்கிறது!" என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "நம்பிக்கையோடு இருப்பது நல்லதுதான்" என்றார். இந்த மனிதர்களுக்கு எதற்கும் சந்தோஷப்படத் தெரியாது என்று எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா அதற்குள் தான் இருக்கும் லிங்கநகர் முழுக்கச் சொல்லிவிட்டார். நேர்த்தியை முடித்துவிட்டுத் தெம்பாகத் தொடங்கலாம் என்று, கோடையில் கிடைத்த சிகிச்சைத் தேதியை நானே இலையுதிர் காலத்துக்கு மாற்றி எழுதிப்போட்டேன். அங்கே அரசாங்கம் செலவைப் பார்ப்பதற்கு வயது எல்லை ஒன்று உண்டு. இந்த வருடத்தோடு நான் அதைத் தாண்டிவிடுவேன்.

இன்னும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கிற ஆசையில்தான் இங்கே மறுபடி ஊசிக்குக் கையை நீட்டினேன். வந்தது பூச்சியம் தசம் ஆறு. அம்மாவை வெளியே இருத்திவிட்டு டொக்டரிடம் போனேன்.

"அங்க நாலுக்கு மேல இருந்தது டொக்டர். அதுக்குள்ள இறங்கீட்டுதா?"

அவர் என் கைபேசியை வாங்கிப் பார்த்தார். "இது வேற அலகு தங்கச்சி. இஞ்சத்தைய எண்ணை ஏழால பெருக்கினாத்தான் அங்கத்தைய கணக்கு வரும். ரெண்டும் ஒண்டுதான்."

கொத்தில் அளந்தாலும் கிலோவில் நிறுத்தாலும் அதே அரிசிதான். எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகளை நான் பார்க்கவேயில்லை. ஏறவில்லை, போன வருடத்தைவிடக் குறைந்துதான் இருந்தது.

"அப்ப எனக்கு ஏலாதா?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது. முட்டை எவ்வளவு மிச்சம் எண்டதுக்கு இது ஒரு குறிப்பு, அவ்வளவுதான். பிள்ளை தங்குமா எண்டு இது சொல்லாது. ஆனா இனி ஒரு மாசமும் வீணாக்காதேங்கோ."

நான் ஏற்கெனவே ஒரு கோடையை வீணாக்கியிருந்தேன். அந்த அறையிலேயே வாய்விட்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா எழுந்து நின்றார்.

"என்னவாம் பிள்ளை?"

"நல்லா இருக்காம்."

நேரே கோயிலுக்குப் போனோம். கடலை ஒட்டிய மரத்தில் யார் யாரோ கட்டிய தொட்டில்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அம்மா பையிலிருந்து விரல் நீள மரத்தொட்டில் ஒன்றை எடுத்தார்.

"உங்கட நாடு எந்தப் பக்கம்? அந்தப் பக்கம் பாத்துக் கட்டினா பிள்ளை வழி தெரிஞ்சு வரும்."

நோர்வேயில் எல்லோரும் 'உங்கள் நாடு' என்று இந்த ஊரைத்தான் சொல்வார்கள். மறுபடி கண் நிறைந்ததை அம்மா பார்த்துவிடக் கூடாதென்று கடல் பக்கம் திரும்பினேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, அம்மா தொட்டிலைக் கடலைப் பார்த்து இறுக்கிக் கட்டினார். நோர்வே அந்தப் பக்கம் இல்லை.